கடனும் ஓய்வும்: விவிலியச் சொற்கள் வணிகர்க்கு உரைப்பவை

தமிழில் 'கடன்' என்னும் சொல் இரு பொருள் உணர்த்தும். காலைக்கடன், இறுதிக்கடன், நேர்த்திக்கடன், செஞ்சோற்றுக்கடன் ஆகிய தொடர்களில் அது செய்தே தீர வேண்டிய செயலைக் குறிக்கிறது. வங்கிக்கடன், வீட்டுக்கடன், கைக்கடன் ஆகியவற்றில் திருப்பித் தர வேண்டிய பொருளைக் குறிக்கிறது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் இளையோனுக்கும் உரிய செயல்களைப் பொன்முடியார் வகுத்துரைக்கும்போது கையாள்வது இச்சொல்லையே. திருநாவுக்கரசரின் தேவாரத்தில் கடன் என்னும் சொல்லும் பணி என்னும் சொல்லும் அடுத்தடுத்து நின்று புகழ்பெற்றதைப் பள்ளி மாணவரும் அறிவர். கடமை, கடப்பாடு என்பன இதன் இனச்சொற்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'கடமை' என்பது அரசுக்கு இறுக்கும் வரியாகவும் வழங்கியது. செய்ய வேண்டியதையும் கொடுக்க வேண்டியதையும் தமிழர் ஒரே சொல்லால் சுட்டி வந்துள்ளனர் என்பது தெளிவு. நம் அண்டை மொழியாகிய மலாயிலும் 'ஊத்தாங் பூடி' என்றொரு தொடர் உண்டு. பிறர் செய்த நன்மைக்கு ஒருவர் பட்டிருக்கும் கடன் என்பது அதன் பொருள். நம்முடைய நன்றிக்கடன் அதற்கு நேரானது.

இந்த இருபொருள் வழக்கு வணிக வாழ்வில் ஒரு விளைவை உண்டாக்குகிறது. கடன்பட்ட தமிழ் வணிகர் அதனை அடைப்பதைக் கணக்கின்பாற்பட்டதாக மட்டும் கருதுவதில்லை, அறமாகவே கருதுகிறார். அது போற்றத்தக்கதே. ஆயினும் தொகைக்கு எல்லை உண்டு. அறத்துக்கு எல்லை இல்லை. கடன் கடமையாக மாறுமிடத்தில் இரவு பகல் பாராது உழைப்பதும், ஆண்டு முழுதும் ஒரு நாளும் கடை அடைக்காதிருப்பதும், உடல்நலம் குன்றியதை மறைப்பதும் பெருமைக்குரியனவாகி விடுகின்றன. கிறித்தவ மறைநூல் இதனை வேறு வகையாகக் காண்கிறது. கடனையும் உழைப்பையும் அது ஒரே சட்டத் தொகுதியில் வைத்து இரண்டுக்கும் எல்லை இடுகிறது. அவ்வெல்லையை அந்நூலின் சொற்களைக் கொண்டே இங்குக் காண்போம். சமயவுரை நிகழ்த்துவது நம் நோக்கமன்று. சொற்களைப் பின்தொடர்ந்து செல்வதே மொழியியலார்க்கு இயன்ற வழி.

இயேசு கற்பித்த இறைவேண்டல் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதில் மன்னிக்கப்பட வேண்டியதாகக் கூறப்படுவதைக் கிரேக்க மூலம் 'ஒபெய்லேமா' என்னும் சொல்லால் குறிக்கிறது. அது சந்தையிலும் வழக்குமன்றத்திலும் வழங்கிய சொல்; நேர்ப்பொருள் கடன். இயேசு பேசிய அரமேய மொழியில் 'ஹோபா' என்னும் ஒரே சொல் கடனையும் பாவத்தையும் உணர்த்தும். லூக்கா நற்செய்தியில் இவ்வேண்டலின் முற்பகுதியில் பாவம் என்னும் சொல்லும் பிற்பகுதியில் கடன்பட்டவர் என்னும் சொல்லும் வருகின்றன. அரமேயத்தின் இரு பொருளையும் கிரேக்கத்தில் தனித்தனியே பிரித்துக் காட்ட முயன்றதன் தடயமாக இதனைக் கொள்ளலாம். செருமானிய மொழியிலோ 'ஷுல்ட்' என்பது கடன், குற்றம் ஆகிய இரண்டையும் குறிக்கும். செருமானியர்க்குக் கடன் குற்றத்தின் அருகில் நிற்கிறது. தமிழர்க்குக் கடன் கடமையின் அருகில் நிற்கிறது. இவ்வேறுபாடு சிறியதன்று. குற்றத்தை ஒருவர் மன்னிக்கலாம். கடமையை மன்னிப்பது எங்ஙனம்?

இவ்விரு மொழிகளுக்கும் நடுவே நின்று, கடனாலேயே துன்புற்ற ஒருவர் தமிழ் விவிலிய வரலாற்றில் உள்ளார். யோகான் பிலிப் பப்ரிசியஸ் 1711இல் செருமனியில் பிறந்தவர். முதலில் சட்டமும் பின்னர் ஹாலே நகரில் இறையியலும் பயின்றார். 1740இல் தென்னிந்தியா வந்து, 1742இல் சென்னைத் திருப்பணியின் பொறுப்பை ஏற்றார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தார். திரும்பி வந்து வேப்பேரியில் நிலைகொண்டபின், லாலியின் முற்றுகைக் காலத்தில் மீண்டும் வெளியேற நேர்ந்தது. 1761இல் புதுச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்து அவர் பொறுப்பில் விடப்பட்டது. அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1772இல் வெளிவந்தது. தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் அச்சேறியது. பழைய ஏற்பாடு பகுதி பகுதியாக அச்சாகி, அவர் மறைந்த பின்னரே முற்றுப்பெற்றது. பின்வந்த தமிழ் விவிலியங்கள் பலவும் அவர் இட்ட அடித்தளத்தின்மீது எழுந்தவை. மணமுடிக்காமல் எளிய வாழ்வு வாழ்ந்த அவர் அரைநூற்றாண்டுக் காலம் ஓயாது உழைத்தார்.

அத்தகையவர் முதுமையில் கடனுக்காகச் சிறைப்பட்டார். திருப்பணியின் பணத்தையும் பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தையும் வட்டி கருதிக் கடனாகக் கொடுத்தார்; வாங்கியோர் திருப்பித் தரவில்லை; ஒப்படைத்தோர் வழக்குத் தொடுத்தனர். 1788இல் அவர் பொறுப்பு கெரிக்கேயிடம் சென்றது. 1791 சனவரி 23ஆம் நாள் அவர் மறைந்தார்.

இதனை ஒரு தனிமனிதரின் கணக்கறியாமை என்று மட்டும் கூறி ஒதுக்குதல் பொருந்தாது. அக்காலச் சென்னையே கடனால் இயங்கிய நகரம். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலரிடம் ஆண்டுக்கு 20 விழுக்காடும் அதற்கு மேலும் வட்டிக்குக் கடன் வாங்கினார். அக்கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருவாய் எழுதித் தரப்பட்டது. அவ்வரியை ஈட்டித் தந்தவர் உழவர். எட்மண்ட் பர்க் 1785இல் ஆங்கில நாடாளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய நீண்ட உரை அம்முறைகேட்டை உலகறியச் செய்தது. கும்பினியின் எழுத்தர் முதல் படைத்தலைவர் வரை பணத்தை வட்டிக்கு விட்டுச் செல்வம் சேர்த்த ஊரில், திருப்பணியாளர் ஒருவரும் அதனை இயல்பான வழியாகக் கருதியதில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் உள்ளது. வட்டியைப் பற்றியும் பிணைப்பொருளைப் பற்றியும் மோசேயின் சட்டம் கூறியவற்றை ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் நிறுத்தியவர் அவர். அச்சட்டத்தின் சொற்களை இனிக் காண்போம்.

எபிரேய மொழியில் வட்டிக்கு இரு சொற்கள் உண்டு. ஒன்று 'நெஷெக்', அதன் வேர் பாம்பு கடிப்பதையும் குறிக்கும். மற்றொன்று 'தர்பித்', அது பெருக்கம் என்று பொருள்படும். முன்னது கொடுப்பவர் நோக்கில் அமைந்ததன்று. கடிபட்டவர் நோக்கில் அமைந்தது. சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழில் 'கடன்முதலை' என்றும் மலேசிய நாளிதழ்களில் 'வட்டி முதலை' என்றும் எழுதும் செய்தியாளர் எபிரேயம் கற்றவரல்லர்; எனினும் பல் பதியும் உவமையையே அவர்களும் தேர்ந்துள்ளனர். பெருக்கம் என்னும் நோக்கும் நமக்குப் புதிதன்று. கல்வெட்டுகளில் வட்டியைக் குறிக்கப் 'பொலிசை', 'பொலியூட்டு' என்னும் சொற்கள் பயில்கின்றன. பொலிதல் என்பது பெருகுதல்; களத்து நெற்குவியலும் பொலியே; இனப்பெருக்கத்துக்கு விடும் காளையும் பொலிகாளையே. கிரேக்கர் வட்டியைத் 'தோக்கோஸ்' என்றனர். ஈன்ற குட்டி என்பது அதன் பொருள். பணம் பணத்தை ஈனுவது இயற்கைக்கு மாறானது என அரிஸ்டாட்டில் வாதிட்டது இச்சொல்லை வைத்தே. வட்டி குட்டி போடும் என்னும் நம் பேச்சுவழக்கு அவருக்குத் தெரிந்திருப்பின் மகிழ்ந்திருப்பார்.

மோசேயின் சட்டம் எல்லாக் கடனையும் விலக்கவில்லை. வறுமையுற்ற உடன்பிறப்பிடம் வட்டி வாங்குவதை விலக்கியது. பிணைப்பொருள் வாங்குவதற்கு அது இட்ட வரம்புகள் இன்னும் கூர்மையானவை. உபாகமம் 24ஆம் அதிகாரம் திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது என்கிறது. மேற்கல்லை மட்டும் எடுத்துச் சென்றாலும் அவ்வீட்டில் மாவு அரைக்க இயலாது. உழைக்கும் கருவியைப் பறித்தபின் கடனை எதைக்கொண்டு அடைப்பது? ஏழையின் மேலாடையை அடகு பெற்றால் ஞாயிறு மறையுமுன் திருப்பித் தர வேண்டும். அவன் இரவில் போர்த்துக்கொள்ள அதுவே உள்ளது. கருவியும் உறக்கமும் கடனுக்குக் கட்டுப்பட்டவையல்ல என்பது இவற்றின் கருத்து. ஆங்கிலச் சட்டத்தின்கீழ் 18ஆம் நூற்றாண்டில் கடனாளியைச் சிறையில் அடைத்தது இதற்கு நேர்மாறானது. பப்ரிசியஸைப் பூட்டி வைத்ததனால் எவருக்கும் ஒரு காசும் பெருகியிருக்காது.

அடுத்து உபாகமம் 15ஆம் அதிகாரம். ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்களை விட்டுவிட வேண்டும் என்கிறது அது. இதற்கு எபிரேயம் கையாளும் சொல் 'ஷ்மித்தா'; கையிலிருந்து நழுவ விடுதல் என்பது அதன் அடிப்பொருள். இதனைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர் 'அபெசிஸ்' என்றனர். பாவ மன்னிப்பைக் குறிக்கப் புதிய ஏற்பாடு கையாளும் சொல்லும் அதுவே. தமிழில் அவ்விடத்தில் 'விடுதலை' என்னும் சொல் அமைந்தது. நல்ல தேர்வு. விடு என்னும் வேரிலிருந்தே விடுதலையும் விடுப்பும் விடுமுறையும் பிறந்தன. பிறவித் தளையினின்று நீங்கும் வீடும் பிறந்தது. கடனை விடுதலும் வேலையை விடுதலும் தமிழில் ஒரு வேரில் கூடுவது மொழியின் தற்செயல் என்று மொழியியலார் எச்சரிப்பர். அவ்வெச்சரிக்கையை நாமும் ஏற்கிறோம். ஆனால் மறைநூலில் அக்கூட்டு தற்செயலன்று. ஏழாம் நாள் வேலை நிற்கிறது. ஏழாம் ஆண்டு நிலம் உழவின்றி நிற்கிறது, கடனும் நிற்கிறது. ஏழேழு ஆண்டுகள் கடந்து ஐம்பதாம் ஆண்டில் விற்ற நிலம் உரியவர்க்கு மீள்கிறது. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் இதனை விரிவாகக் காணலாம்.

ஓய்வுநாளுக்கு இரு காரணங்கள் தரப்பட்டுள்ளன. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் படைப்பைச் சுட்டுகிறது. இறைவனே ஏழாம் நாள் ஓய்ந்தார். உபாகமம் 5ஆம் அதிகாரமோ எகிப்தின் அடிமை வாழ்வைச் சுட்டுகிறது. வைக்கோல் தராமலே செங்கல் எண்ணிக்கையைக் குறைக்காது கேட்ட மன்னனின் நாட்டிலிருந்து வெளியேறிய மக்களுக்கு, ஒரு நாள் வேலை செய்யாதிருத்தல் விடுதலையின் அடையாளம். அக்கட்டளை யாரை நோக்கிப் பேசுகிறது என்பதையும் காண்க. அது வேலைக்காரரிடம் ஓய்வெடு என்று சொல்லவில்லை. வீட்டுத் தலைவரிடம் பேசுகிறது. மகன், மகள், வேலைக்காரர், மாடு, கழுதை, அயலார் என்று பட்டியல் நீள்கிறது. மனைவி அப்பட்டியலில் இல்லை. 'நீ' என்பதிலேயே அவரும் அடங்குவார் என உரையாசிரியர் அமைதி கூறுவர். குடும்பக் கடைகளில் சம்பளப் பட்டியலில் இல்லாமல் கல்லாவிலும் சமையற்கட்டிலும் நாள் முழுதும் நிற்பவர் யார் என்பதை நினைத்தால், அவ்விடைவெளி நம்மை உறுத்தவே செய்கிறது.

'ஷப்பாத்' என்பதற்கு நிறுத்துதல் என்பதே நேர்ப்பொருள். 'ஓய்வு' என்னும் மொழிபெயர்ப்பு அதற்கு மிகப் பொருத்தமானது. மழை ஓய்ந்தது என்கிறோம் அல்லவா? மழை களைப்படைந்ததனால் ஓய்வதில்லை. ஆனால் இன்றைய வழக்கில் ஓய்வு என்பது களைத்துப் போனவர்க்குத் தரப்படும் சலுகையாகச் சுருங்கிவிட்டது. ஓய்ந்துபோனான் என்றால் தளர்ந்து விழுந்தான் என்றே கொள்கிறோம். ஆகவே தளராதவர் ஓய்வு கொள்வது நமக்குக் குற்றமாகப் படுகிறது. ஷப்பாத்தில் களைப்பு நிபந்தனையன்று. வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் நாள் வந்ததும் நிறுத்த வேண்டும்.

அது வெறும் வழிபாட்டு நெறியன்று என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. கிறித்தவத் தமிழில் இன்று 'ஊழியம்' என்பது இறைப்பணியைக் குறிக்கும் உயர்சொல். பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்பது ஒடுக்கப்பட்ட சாதியார் கூலியின்றி அரசுக்குச் செய்த கட்டாய வேலை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கர்னல் மன்றோ அங்கே ஆங்கிலப் பேராளராக இருந்த காலத்தில், கிறித்தவம் தழுவியோர்க்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தென்திருவிதாங்கூர்த் தமிழர்க்கு அந்த ஒரு நாள் மறைநூலில் படித்த செய்தியாக மட்டும் இருக்கவில்லை. முதுகிலிருந்து இறங்கிய சுமையாக இருந்தது. அச்சொல்லே பின்னர் பொருள் உயர்ந்தது. இன்று ஊழியம் என்னும் பெயரால் போதகர் தம்மை வருத்திக்கொள்வதையும், அதனைச் சபையார் பாராட்டுவதையும் காணும்போது அச்சொல்லின் பழம்பொருள் மீண்டும் தலைகாட்டுகிறதோ என ஐயுறுகிறோம்.

கடனுக்கும் உழைப்புக்கும் உள்ள உறவை எண்ணிக்கையாகக் காட்டும் உவமை மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் உள்ளது. மன்னனிடம் ஒரு பணியாளன் 10,000 தாலந்து கடன்பட்டிருந்தான்; அவனிடம் மற்றொருவன் 100 தெனாரியம் கடன்பட்டிருந்தான். பெருங்கடன் தள்ளுபடியான பின்னும் முன்னவன் சிறுகடனுக்காகப் பின்னவன் கழுத்தைப் பிடித்தான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்பது அதே நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் கதையால் தெரிகிறது. எனவே சிறுகடன் 100 நாள் உழைப்பு. பெருங்கடன் 6 கோடி நாள் உழைப்பு. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தால் 2 இலட்சம் ஆண்டுகள். பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன் என்னும் கருத்தில் அவன் மன்னனிடம் கெஞ்சுவதை இக்கணக்கோடு சேர்த்து வாசிக்க வேண்டும். உழைத்தே அடைத்துவிடலாம் என்று நம்பும் கடனாளியின் மனத்தை இதனினும் துல்லியமாகக் காட்ட இயலாது. மாணவர்க்கு இவ்வுவமையைக் கற்பிக்கையில் இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது பயன்தரும்.

நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தையும் இங்கு எடுத்துக்கொள்வோம். சோம்பேறியை எறும்பிடம் பாடம் கற்கச் சொல்லும் பகுதி எல்லாப் பள்ளிகளிலும் மேடைகளிலும் முழங்குகிறது. அதற்கு முந்தைய ஐந்து வசனங்களைப் பற்றிப் பேசுவோர் அரியர். பிறர் கடனுக்குப் பிணை நின்றவன் வலையில் சிக்கிய மானைப் போன்றவன். கண்ணுக்கு உறக்கம் தராமல் விரைந்து தன்னை மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவற்றின் கருத்து. ஒரே அதிகாரத்தில் இருவகை உறக்கம் பேசப்படுகிறது. சோம்பேறி உறங்குவது பழிக்கப்படுகிறது. பிணை நின்றவன் உறங்காதிருப்பது அறிவுறுத்தப்படுகிறது. பின்னதில் உறக்கமின்மை ஓரிரவுக்கு உரிய அவசரம். பிணையிலிருந்து வெளிவருவதே நோக்கம். அதனை வாழ்நாள் முழுமைக்கும் நீட்டிப்பவர்க்கு 127ஆம் சங்கீதம் மறுமொழி கூறுகிறது. அதிகாலை எழுந்து இரவு வெகுநேரம் விழித்து வருத்தத்தோடு உண்பது வீண் என்பதும், உறக்கம் இறைவன் தரும் கொடை என்பதும் அதன் கருத்து. எறும்பை மட்டும் எடுத்து மானை விட்டுவிடும் சொற்பொழிவு அரைகுறை வாசிப்பு என்பது நம் துணிபு.

பிணை நிற்றல் பழங்கதையன்று. இன்று தனியார் நிறுவனம் ஒன்று வங்கியில் கடன் கேட்டால், நிறுவனம் சட்டப்படி தனி ஆளாக இருந்தும், இயக்குநரின் சொந்தப் பிணையுறுதியை வங்கி கேட்பது வழக்கம். சிற்றுணவகம் தொடங்குபவர் வாடகை முன்பணத்துக்கும் புதுப்பிப்புப் பணிக்கும் கடன் வாங்குகிறார். அவரும் சில வேளைகளில் அவர் மனைவியும் கையொப்பமிடுகின்றனர். ஊழியர்க்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வைச் சட்டம் வலியுறுத்துகிறது. மலேசியாவில் 2023 சனவரி முதல் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது; சிங்கப்பூரில் வேலைவாய்ப்புச் சட்டத்தின் அப்பகுதிக்கு உட்பட்டோர்க்கு 44 மணி. முதலாளிக்கு அத்தகைய வரம்பு எதுவும் இல்லை. ஊழியர் ஓய்வெடுக்கும் நாளில் முதலாளி அவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார். மாதத் தவணை ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துக் கணக்கிடப்படுவதில்லை. வட்டிக்கு ஓய்வுநாள் இல்லாதவரை கடனாளிக்கும் ஓய்வுநாள் இல்லை. மறைநூல் இரண்டையும் ஒரே எண்ணில் கட்டியதன் காரணம் இதுவே எனக் கருதுகிறோம்.

தொழில் தொடங்க விரும்பும் கிறித்தவ இளைஞரிடம், துணிந்து கடன் வாங்குவதே நம்பிக்கையின் அடையாளம் எனக் கூறும் போதனையும் அங்கங்கே கேட்கிறது. லூக்கா 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று இயேசு வினவுவதை அப்போதகர்கள் வாசிக்க வேண்டும். அமர்ந்து என்னும் சொல் அங்கே வீணாக வரவில்லை.

இவ்வளவும் நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே; பழைய யூதரும் அதனை உணர்ந்தனர். ஏழாம் ஆண்டு நெருங்கும்போது கடன் கொடுக்க மறுப்பர் என்பதை உபாகமமே முன்னறிந்து கண்டித்தது. கண்டித்தும் பயனின்றி, கிறித்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டினரான ஹில்லெல் என்னும் அறிஞர், கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து ஏழாம் ஆண்டிலும் வசூலிக்க வழிசெய்யும் ஆவண முறையை ஏற்படுத்தினார். ஏழைக்குக் கடன் கிடைக்காமற் போவதைவிட, விடுதலை இல்லாத கடனாவது கிடைப்பது மேல் என்பது அவர் முடிவு. இடைக்காலத் திருச்சபை வட்டியை முற்றிலும் விலக்க முயன்று, 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கத்தில் வெளிப்படையாக வட்டி வாங்குவோரைச் சபை நீக்கம் செய்தது. வட்டி மறைந்ததா எனில் இல்லை, பெயர் மாறி உலவியது. 1462இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்குத் துறவியரின் தூண்டுதலால் ஏழைகளுக்கான அடகுநிலையம் தோன்றியது. நடைமுறைச் செலவுக்கு ஈடாக அது சிறுதொகை பெறுவதை 1515இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் ஏற்றது. கால்வின் ஏழைக்குத் தரும் கடனையும் தொழிலுக்குத் தரும் கடனையும் பிரித்துப் பார்த்தார். இன்றைய கிறித்தவச் சிந்தனை பெரும்பாலும் இப்பிரிப்பின்மீது நிற்கிறது. ஆயினும் வீட்டைப் பிணையாக வைத்து நடத்தும் சிறுகடையில் தொழிற்கடன் எங்கே முடிகிறது, ஏழையின் கடன் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது எளிதன்று.

நம் வட்டாரத்தோடு தொடர்புள்ள ஒரு கிளை செருமனியில் முளைத்தது. பிரீட்ரிக் வில்கெல்ம் ரைபைசன் (1818–1888) என்னும் சிற்றூர் மேயர், சீர்திருத்தத் திருச்சபையின் பற்றுமிக்க உறுப்பினர். வட்டிக்காரர் பிடியில் உழவர் நலிவதைக் கண்டு, 1864இல் ஹெட்டெஸ்டார்பில் கடன் சங்கம் ஒன்றை நிறுவினார். ஊரார் ஒருவரையொருவர் அறிவர்; ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. நீதிமொழிகள் அஞ்சிய பிணையை அவர் தனியொருவர் தோளிலிருந்து ஊரின் தோளுக்கு மாற்றினார் எனலாம். சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து எழுதிய பேரறிக்கையின் முடிவு, நமக்கும் ஒரு ரைபைசன் வேண்டும் என்பதே. 1904இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. மலாயாவில் 1920களில் அவ்வழியே சட்டங்கள் வந்தன. சிங்கப்பூரில் 1925இல் அரசாங்க ஊழியர் சிக்கன, கடன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. சம்பளத்தை வட்டிக்காரரிடம் இழந்துவந்த எழுத்தர்க்கு அது மாற்றுவழி ஆயிற்று.

எல்லையிடும் எண்ணம் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. பழைய இந்து சட்டத்தில் 'தாம்துபட்' என்றொரு விதி உண்டு. வட்டி அசலை மிஞ்சலாகாது என்பது அது. சிங்கப்பூரில் 1 அக்டோபர் 2015 முதல் உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் மாதத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி பெறலாகாது. வட்டியும் தாமதக் கட்டணமும் பிற கட்டணமும் சேர்ந்து அசலுக்கு மேற்படலாகாது. இவ்விரண்டுக்கும் நேர்வழித் தொடர்பு உண்டென நாம் கூறவில்லை. ஒரே இடத்தில் கோடு விழுந்திருப்பதை மட்டும் காட்டுகிறோம். மலேசியாவின் நொடிப்புச் சட்டம் நிபந்தனைகளை நிறைவேற்றியவர்க்கு மூன்றாண்டில் விடுவிப்புக்கு வழிசெய்கிறது. ஏழாண்டு மூன்றாண்டாகியுள்ளது. திவாலானவர் என்று அவரை ஊர் அழைப்பது மட்டும் மூன்றாண்டில் முடிவதில்லை.

இறுதியாக மீண்டும் இறைவேண்டலுக்கு வருவோம். சீர்திருத்தத் திருச்சபையார் வாசிக்கும் பழைய தமிழ் விவிலியத்தில் மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் 'கடன்கள்' என்றே அச்சாகியுள்ளது. வழிபாட்டில் அவர்கள் வாய்மொழியாகச் சொல்வது பெரும்பாலும் 'குற்றங்கள்'. கத்தோலிக்கர் 'பாவங்கள்' என்பர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் 'குற்றங்கள்' என்பதையே தேர்ந்தது. பொருள் விளங்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து, அதில் பிழையில்லை. கடன்களை மன்னித்தல் என்னும் தொடர் தமிழ்ச் செவிக்கு இன்றும் அயலாகவே ஒலிக்கிறது. நாம் கடனைத் தீர்ப்போம், அடைப்போம், கழிப்போம், தள்ளுபடி செய்வோம், மன்னிப்பதில்லை. ஆயினும் குற்றம் என்று மாற்றியவுடன் கடைக்காரரின் பேரேடு அவ்வேண்டலிலிருந்து வெளியேறிவிடுகிறது. கடனாளியை மன்னிப்பதும் தன் கடன் மன்னிக்கப்படுவதும் பணத்தைப் பற்றியும் இருக்கக்கூடும் என்னும் எண்ணமே கேட்போர்க்கு எழாது. மாணவர் ஒருவர் அப்பழைய தொடரைக் காட்டி இது பிழையான தமிழா என வினவினால், மன்னித்தல் என்பதற்குக் கிரேக்கத்தில் கையிலிருந்து விட்டுவிடுதல் என்றும் பொருள் உண்டு என ஆசிரியர் விளக்கலாம். உபாகமம் 15ஆம் அதிகாரத்தையும் அவரையே எடுத்து வாசிக்கச் செய்யலாம்.